பெக்டின்: பழத்தோலுக்குள் இருக்கும் 'உறை'

ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலின் உட்புறத்தைப் பார்த்தால், நிறமுள்ள மேற்பகுதியை ஒட்டிப் பஞ்சு போன்ற வெள்ளைப் பகுதி ஒன்று இருப்பது தெரியும். விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் அது நசுங்கிப் போகும்; வாயில் இட்டால் கசக்கும்; எனவே தோலோடு சேர்த்து அதையும் எறிந்துவிடுகிறோம். பழத்தோலை வீணாக்காமல் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எதிர்ப்படும் 'பெக்டின்' என்னும் சொல், அந்த வெள்ளைப் பகுதியில் நிறைந்திருக்கும் ஒரு பொருளைக் குறிக்கிறது. பழப்பாகையும் பழக்கூழையும் ஜாம், ஜெல்லி என்று கெட்டிப்படுத்துவது இதுவே.

வேதியியல் நோக்கில் பெக்டின் ஒரு கூட்டுச் சர்க்கரை (பாலிசாக்கரைடு) வகை. காலக்டூரோனிக் அமிலம் என்னும் சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் சங்கிலிபோல் கோக்கப்பட்டு உருவாவது. நிலத்தில் வளரும் தாவரங்களின் செல்சுவர்களில் இது இருக்கிறது. அடுத்தடுத்த இரு செல்களுக்கு இடையே சுண்ணச்சாந்து போல் நின்று அவற்றைப் பிணைத்து வைக்கிறது. காய் கெட்டியாகவும் கனி மென்மையாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காயில் நீரில் கரையாத வடிவில் இருக்கும் இப்பொருளை, பழுக்கும்போது நொதிகள் சிறிது சிறிதாகக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. பிணைப்புத் தளர்கிறது, பழம் குழைகிறது. நன்றாகக் கனிந்து குழைந்த பழத்தைவிடச் சற்றே காய்ப்பதமாக உள்ள பழம் கெட்டியான ஜாமுக்கு ஏற்றதாக இருப்பதும் இதனால்தான்.

இனிச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 1790இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் புளியைப் பகுத்தாய்ந்தபோது, கூழாக இறுகும் ஒரு பொருள் அதில் இருப்பதைக் கண்டார். ஆயினும் அவர் அதற்குப் பெயரிடவில்லை. 1825இல் நான்சி நகரில் பணியாற்றிய ஆன்றி பிராக்கோனோ, தாவரங்கள் அனைத்திலும் பரவியிருக்கும் புதிய அமிலம் என்று அதை அறிவித்து, 'பெக்டிக் அமிலம்' என்று பெயர் சூட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 'பெக்டிகோஸ்' என்ற கிரேக்கச் சொல். இறுகச் செய்தல், உறையச் செய்தல் என்னும் பொருளுடைய 'பெக்னுமி' என்ற வினையடியிலிருந்து வந்தது அது. பால் தயிராவதையும் நீர் பனிக்கட்டியாவதையும் கிரேக்கர்கள் அந்த வினையாலேயே சொன்னார்கள். சீப்பைக் குறிக்கும் 'பெக்டென்', மார்பைக் குறிக்கும் 'பெக்டஸ்' ஆகிய இலத்தீன் சொற்கள் ஒலியால் நெருங்கியவை. அவற்றுக்கும் இந்தப் பெயருக்கும் பொருள் தொடர்பு ஏதுமில்லை.

பிராக்கோனோ அந்தப் பெயரை ஏன் தேர்ந்தார் என்பதை ஒரு சிறு சோதனையிலேயே கண்ணால் கண்டுவிடலாம். எலுமிச்சையின் வெள்ளைத்தோலைத் துண்டுகளாக்கிச் சிறிது நீரில் வேகவைத்து, வடித்தெடுத்து ஆறவைத்த நீரில் ஒரு கரண்டி அளவு எடுத்து, அதைவிடச் சற்று மிகுதியான எரிசாராயத்தில் விட்டு மெதுவாகச் சுழற்ற வேண்டும். சற்று நேரத்தில் அந்தக் கலங்கல் நீர் ஒன்றுதிரண்டு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஒரு கட்டியாக நிற்கும். முள்கரண்டியால் தூக்கினால் அப்படியே மேலே வரும். பெக்டின் குறைந்த பழத்தின் நீராக இருந்தால் கட்டி திரளாது. மெல்லிய நூல்களும் திரிகளுமே மிதக்கும். ஜாம் செய்பவர்கள் பழத்தின் தரத்தை அறிய இந்தச் சோதனையைச் செய்வதுண்டு. சோதித்த நீரை உண்ணக் கூடாது, கொட்டிவிட வேண்டும்.

தொழிற்சாலைகள் செய்வதும் இதன் பெரிய வடிவமே. சாறு பிழிந்தபின் ஆரஞ்சின் எடையில் ஏறத்தாழ பாதி தோலும் சக்கையுமாக எஞ்சுகிறது. உலர்ந்த எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் 20 முதல் 30 விழுக்காடு வரையிலும், உலர்ந்த ஆப்பிள் சக்கையில் 10 முதல் 15 விழுக்காடு வரையிலும் பெக்டின் உள்ளது. தோலை நீர்த்த அமிலம் கலந்த வெந்நீரில் சில மணிநேரம் ஊறவைத்து, கரைந்து வந்ததை வடிகட்டி, ஆல்கஹால் சேர்த்துத் திரளவைத்து, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பழத்தோலைப் பற்றி எழுதும் எதுவும் வெறும் ஆசையாகவே நின்றுவிடும். ஈரமான தோல் காத்திருக்காது. அதிலேயே உள்ள நொதிகளும் அதில் பற்றும் நுண்ணுயிர்களும் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கிவிடுகின்றன. பிழிந்த கையோடு கழுவி உலர்த்தினால்தான் தோல் மூலப்பொருள். குவியலாகக் கிடந்துவிட்டால் அது குப்பைதான்.

பெக்டின் உறையும் விதத்தில் இரு வகை உண்டு. சங்கிலியில் உள்ள அமிலத் தொகுதிகளில் பாதிக்கு மேல் மெத்தில் எஸ்டராக (மெத்தில் ஆல்கஹாலோடு இணைந்த வடிவமாக) மாறியிருந்தால், அது உறைவதற்கு மிகுதியான சர்க்கரையும் புளிப்பும் வேண்டும். புளிப்பு சங்கிலிகளின் மின்சுமையைக் குறைத்து அவை ஒன்றையொன்று விலக்காதபடி செய்கிறது; சர்க்கரை சூழ்ந்திருக்கும் நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது; சங்கிலிகள் நெருங்கி வலையாகின்றன. பாதிக்கும் குறைவாக மாறியிருந்தால் சர்க்கரை வேண்டியதில்லை, சிறிதளவு கால்சியமே போதும். சர்க்கரை குறைந்த ஜாம் வகைகள் இந்த இரண்டாவது வகையால் அமைபவை.

அண்மைக்கால ஆய்வுகள் பல திசைகளில் செல்கின்றன. கடுமையான அமிலங்களுக்குப் பதிலாக நுண்ணலை, மீயொலி, நொதி ஆகியவற்றைக் கொண்டு பெக்டினைப் பிரிப்பது ஒன்று. மாந்தோல், வாழைத்தோல், கொக்கோக் காயின் ஓடு போன்றவற்றைப் புதிய மூலங்களாகச் சோதிப்பது மற்றொன்று. மனித உடலின் செரிமான நொதிகள் பெக்டினைச் சிதைப்பதில்லை, பெருங்குடல் நுண்ணுயிர்களே சிதைக்கின்றன. ஆகவே மருந்தை அதனுள் பொதிந்து அனுப்பினால் இரைப்பையைக் கடந்து பெருங்குடலில் வெளிப்படும் என்ற எண்ணத்தில் மாத்திரை மேற்பூச்சுகள் ஆராயப்படுகின்றன. நாளொன்றுக்கு 6 கிராம் பெக்டின் இரத்தக் கொழுப்பை இயல்பான அளவில் வைத்திருக்க உதவும் என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. என்னை மிகவும் ஈர்ப்பது நீரைத் தூய்மையாக்கும் ஆய்வுதான். சங்கிலியில் உள்ள கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதிகள் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதுபோலவே ஈயம், செம்பு, காட்மியம் ஆகியவற்றின் அயனிகளையும் பற்றிக்கொள்கின்றன. ஜாமைக் கெட்டிப்படுத்தும் அதே பண்பு நஞ்சை வடிக்கும் பண்பாகவும் ஆகிறது.

தமிழில் இதை எவ்வாறு சொல்வது? 'பெக்டின்' என்ற ஒலிபெயர்ப்பு புழக்கத்தில் உள்ளது. கலைச்சொல்லாக அதைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் ககர மெய்யின் பின் ககரமே வரும் என்பது தமிழ்ச் சொற்களின் அமைப்பு. அதனால் எழுத்தாலும் ஒலியாலும் அந்தச் சொல் அயலாகவே நிற்கிறது, பொருளையும் தானே உணர்த்துவதில்லை. 'பழப்பசை' என்று சொல்லிவிடலாம் என்று பலருக்கும் முதலில் தோன்றும். செல்களைப் பிணைக்கும் வேலைக்கு அது பொருந்தும். எனினும் மரப்பிசின்களும் பசைகளே. பசை ஒட்டும் என்று சொல்லுமே அன்றி உறையும் என்று சொல்லாது. 'பழக்கூழ்' என்பது பழத்தின் பிழிவையே குறித்துவிடும்.

கிரேக்கர் கையாண்ட வினைக்கு நேரான வினை தமிழில் ஆயத்தமாக இருக்கிறது. பால் உறைகிறது, நீர் உறைகிறது, இரத்தம் உறைகிறது. பாலை உறையச் செய்ய விடும் பொருளுக்கே 'உறை' என்று பெயர். 'உறை ஊற்றுதல்' என்கிறோம். அதே 'உறை' மூடியிருப்பதையும் குறிக்கும், வாளுக்கு உறைபோல. மூடும் உறையான தோலுக்குள்ளேயே உறையச் செய்யும் பொருளும் இருப்பது தற்செயல் என்றாலும், தமிழில் சிந்திப்பவர் அதைக் கவனியாமல் கடந்து போக முடியாது. அதனாலேயே 'கனியுறை' என்று பெயரிடுவதில் ஓர் இடர் நேர்கிறது: படிப்பவர் அதைத் தோல் என்றே கொள்வார். சேர்மம், தனிமம், நீர்மம், திண்மம் என்ற வரிசையில் 'உறைமம்' என்று அமைத்து, தெளிவு வேண்டும் இடத்தில் 'கனியுறைமம்' என்று விரித்தால் அந்த மயக்கம் நீங்கும். என் தேர்வு இதுவே.

தோலைப் பற்றியும் ஒரு சொல். மிக மெல்லியதைத் தொலி என்றும், திண்ணமானதைத் தோல் என்றும், வன்மையானதைத் தோடு என்றும், மிக வன்மையானதை ஓடு என்றும் தமிழ் பிரித்து வழங்குவதை மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாவற்றையும் 'தோல்' என்றே எழுதுவதைவிட, கொக்கோவுக்கு ஓடு, தக்காளிக்குத் தொலி என்று எழுதுவது பொருளின் தன்மையையும் சேர்த்துச் சொல்லும். ஆரஞ்சின் இரு அடுக்குகளுக்கும் 'ஃபிளாவிடோ', 'ஆல்பிடோ' என்ற இலத்தீன் பெயர்கள் மஞ்சளையும் வெண்மையையும் குறிப்பவை. நிறத்தோல், வெண்தோல் என்றாலே போதும். வெண்தோலில் உறைமம் மிகுதி. வாசனை எண்ணெய் நிறத்தோலில்.

இந்த அடிச்சொல்லை ஏற்றுக்கொண்டால் அதன் குடும்பமும் இயல்பாகவே அமைகிறது: காயில் இருக்கும் கரையாத வடிவம் முன்னுறைமம், அதைச் சிதைக்கும் நொதி உறைமச் சிதைநொதி, பிராக்கோனோ கண்ட அமிலம் உறைம அமிலம். உணவுப் பொட்டலங்களில் சேர்மானப் பட்டியலில் 440 என்ற எண்ணோடு அச்சிடப்படுவதும் இந்த உறைமமே.