ஸ்பார்க் வந்தும் ஸ்டார்ட் ஆகாத புல்வெட்டி

"புல்வெட்டி ஒரு கல்லில் மோதி நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் வருகிறது, பெட்ரோலும் வருகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. கயிற்றை இழுத்தால் கையைப் பிடுங்குகிறது" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் வண்டியைத்தான் சொல்கிறார். கையைப் பிடுங்குவதுதான் இதில் துப்பு. கார்புரேட்டர் அடைப்பு என்றால் கயிறு சாதுவாக வந்து போகும்.

இந்த எஞ்சினில் பேட்டரி கிடையாது. மேலே சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் விளிம்பில் ஒரு காந்தம் பதித்திருக்கும். அதை ஒட்டி, இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த சட்டத்தில் காயில், அதாவது கம்பிச்சுருள். காந்தம் கடக்கும் நொடியில் தகடுகளுக்குள் காந்தப்புலம் சட்டென்று திசை மாறுகிறது. தடித்த கம்பியாலான முதல் சுற்றில் மின்சாரம் பாய்கிறது. அது உச்சத்தில் இருக்கும்போது ஒரு டிரான்சிஸ்டர் அறுத்துவிடும். புலம் சரிய, மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றிய இரண்டாவது சுற்றில் 10,000 வோல்ட்டுக்கு மேல் எகிறி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது. ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. பிளஸ் டூவில் இதைக் கணக்காகவே போட்டு முடித்துவிடுகிறோம். பழைய இரும்புக் கடையிலிருந்து இப்படி ஒரு காயிலை வாங்கி மேசையில் வைத்தால் பாதி வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் போதும். இதுவோ ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கிறது. ஒன்று புகை வெளியேறும்போது வீணாகப் போகிறது. போகட்டும், அதைத் தடுக்கத் தனி ஏற்பாடு செய்வதைவிட இது மலிவு.

கலவை எரிய நேரம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் வர வேண்டும். அந்த நேரத்தை நிர்ணயிப்பது காந்தம் நிற்கும் இடம் மட்டுமே. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் நுனி கூம்பாக இருக்கும்; ஃபிளைவீலின் துளையும் அப்படியே. நட்டை இறுக்கும்போது இரண்டும் கவ்விக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே காடியில் செருகிய கீ என்ற சின்ன உலோகத் துண்டு, ஃபிளைவீலைப் பிடித்து வைப்பதற்காக என்றே பலரும் நினைக்கிறார்கள். பிடிப்பது கூம்புதான், கீ இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவே.

பிளேடு அதே தண்டின் மறுமுனையில் நேராக மாட்டியிருக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் 21 அங்குல பிளேடின் நுனி மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகும். கல் தடுத்ததும் தண்டு நிற்கிறது. கனமான ஃபிளைவீல் நிற்காமல் முன்னே நகர, மெத்தென்ற உலோகக் கீ பாதி அறுபடுகிறது. இனி காந்தம் காயிலுக்கு முன்கூட்டியே வந்துவிடும். பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்து, தண்டைப் பின்னோக்கித் தள்ளும். ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கிறோம், எப்போது வருகிறது என்று பார்ப்பதில்லை. கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சை கட்டுவதற்கு முன் ஃபிளைவீலைக் கழற்றிப் பாருங்கள்.

முதலில் பிளக் கேப்பைப் பிடுங்கி ஒதுக்கி வையுங்கள். பிளேடு போல்ட் தளர்ந்திருந்தாலும் கை பிடுங்கும். அதை இறுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வண்டியைச் சாய்த்தால் ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் ஆயில் அதில் இறங்கிவிடும்.

கயிற்று மூடியைக் கழற்றி, ஃபிளைவீலைப் பட்டை ஸ்பேனரால் பிடித்து நட்டைத் திருப்புங்கள். விசிறி இறக்கைகளுக்குள் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தால் உடையும். ஃபிளைவீலை எடுக்கப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். தண்டின் தலையில் சுத்தியல் படக்கூடாது. கீ ஒரு மி.மீ. படி போல நழுவியிருந்தாலே மாற்ற வேண்டியதுதான். மெத்தென்ற கீ இருந்த இடத்தில் எஃகுக் கீ வேண்டாம்: அடுத்த கல்லில் தண்டோ ஃபிளைவீலோ போகும். கூம்பை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டை இறுக்குங்கள். இங்கே தளர்வாக விட்டால் புதுக் கீயும் சீக்கிரம் அறும்.

காயிலைக் கழற்றியிருந்தால் இடைவெளி பல எஞ்சின்களில் 0.25 முதல் 0.35 மி.மீ. காந்தத்தைக் காயிலுக்கு நேராகத் திருப்பி, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, ஸ்க்ரூவைத் தளர்த்தினால் காந்தமே காயிலை இழுத்துக்கொள்ளும். அப்படியே இறுக்கிவிட்டு, வீலைச் சுற்றினால் கார்டு வெளியே வரும்.

கடைசியாக, பிளக்கையே கழற்றி, பிரேக்கை விடுவித்து, பிளேடைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இரு நுனிகளும் ஒரே இடத்தைக் கடக்கும்போது உயரம் மாறினால் பிளேடோ தண்டோ வளைந்திருக்கிறது. புது பிளேடு மாட்டியும் மாறினால் தண்டுதான். அதை நெம்பி நிமிர்த்தி ஓட்டக்கூடாது. அந்த எஞ்சினை உதிரி பாகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.