முக்திநாத்துக்குக் கிளம்பிய ஜீப்பும் அப்பா பேரில் இருந்த ஆர்.சி.யும்

சேலத்தில் வண்டி இன்சூரன்ஸும் ஆர்.டி.ஓ. வேலையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சங்ககிரி லாரிக்காரர்களிடம் பழகிக் கற்றுக்கொண்டது. அவர்கள் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) முடியும் தேதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சொந்தக் காரில் நேபாளம் போகிறவர்களோ டயரைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

போன சித்திரையில் ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர் வந்தார். குடும்பத்தோடு நேபாளத்தில் இருக்கும் முக்திநாத்துக்குப் பயணம். நூற்றியெட்டு திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்பது அதுதான். அவருடைய அப்பாவுக்கு அங்கே போக வேண்டும் என்று தீராத ஆசையாம். அதனால் அப்பா ஓட்டிய ஜீப்பிலேயே போய்வரலாம் என்று முடிவு. புது டயர், மேலே கேரியர், கூடாரம் எல்லாம் ரெடி. இன்னும் ஐந்து நாளில் கிளம்ப வேண்டும்.

"இன்சூரன்ஸ் நேபாளத்துல செல்லுமாங்ண்ணா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று மஞ்சள் பையை நீட்டினார்.

நல்ல கேள்விதான். நம் மோட்டார் பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டிக்கலாம். ஐ.எம்.டி. 1 என்ற எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் விதி) பாலிசியில் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆர்.சி.யை, அதாவது வண்டிப் பதிவுச் சான்றை, கையில் எடுத்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"இது யார் பேருங்க?"

"அப்பா பேருங்ண்ணா."

அப்பா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

வண்டி உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பாலிசிக்கும் அதே மூன்று மாதம்தான் உயிர், அதற்குள் முடிந்துவிட்டால் அந்தத் தேதி வரைதான். இவருக்கு நடுவில் ரினியூவல் மெசேஜ் வந்திருக்கிறது, போனிலேயே பணம் கட்டிவிட்டார். இறந்தவர் பேரில் புதுப் பாலிசி! கம்பெனிக்கு அவர் போனது தெரியாது, கட்டினால் வாங்கிக்கொள்ளும். க்ளெய்ம் என்று போய் நிற்கும்போதுதான் வில்லங்கம் வெளியே வரும். இத்தனை மாதமும் ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மனிதர் அதை நம்பித்தான் ஏறி இறங்கியிருக்கிறார்.

சுனௌலி எல்லையைத் தாண்டியதும் நேபாளச் சுங்கத்தில் நாள் கணக்குக்குப் பணம் கட்டி 'பன்சார்' சீட்டு வாங்க வேண்டும். வருடத்துக்கு மொத்தம் 30 நாள்தான் கிடைக்கும். ஆர்.சி.யைப் பார்த்துத்தான் சீட்டு எழுதுவார்கள். உரிமையாளர் கூட வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதத்தை நீட்டலாம். இவருக்கு யார் கையெழுத்துப் போட்டுத் தருவது?

வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அம்மாவும் ஓசூரில் இருக்கும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட வேண்டும். ஐந்து நாளில் ஆகிற காரியமா? மச்சான் காரை எடுக்கட்டுமா என்றார். அதில் லோன் ஓடுகிறது. பாங்கின் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள் என்றேன்.

அப்புறம் மகள். வயது பதினாறு. கையில் ஆதார் மட்டும். நேபாள எல்லையில் பதினைந்துக்குக் கீழும் அறுபத்தைந்துக்கு மேலும்தான் ஆதாரைக் காட்டலாம். இடைப்பட்ட வயதுக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். பதினாறு வயதில் வாக்காளர் அட்டைக்கு எங்கே போவது? பாஸ்போர்ட் இல்லையென்றால் பள்ளித் தலைமையாசிரியரிடம் அதற்கான படிவத்தில் அடையாளச் சான்றாவது வாங்க வேண்டும்.

லண்டன் வரை காரிலேயே போகிறேன் என்று வருகிறவர்கள் கதை வேறு. கார்னே என்ற சுங்கப் புத்தகம் வேண்டும். சீனாவில் நம் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் செல்லாது, அங்கேயே தற்காலிக லைசென்ஸ் எடுக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும் எல்லை திறந்திருக்க வேண்டுமே. 2025 ஜூலை வெள்ளத்தில் நேபாளத்தையும் திபெத்தையும் இணைக்கும் ரசுவாகடிப் பாலமே அடித்துக்கொண்டு போனது.

நம் தோட்டக்காரர் பயணத்தைத் தள்ளிப்போட்டார். மனமே இல்லை, முகத்திலேயே தெரிந்தது. பேர் மாற்ற வேலையின்போது சேஸிஸ் நம்பர் எடுக்க ஜீப்புக்கு அடியில் குனிந்தேன். மண்ணைத் துடைத்து, தாளை ஒட்டிவைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் மேலெழும். பாலிசியோடு ஒப்பிட்டால், அதில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து. பதினேழு இலக்க சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். புதுப் பாலிசியில் அதையும் திருத்தி வாங்கினோம்.

புரட்டாசியில் கிளம்பினார்கள். கோரிமேட்டில் வண்டியை நிறுத்திப் போன் செய்தார். "ஆர்.சி. டிஜிலாக்கர்ல இருக்கேங்ண்ணா, போதுமில்ல?"

அது நம் ஊர்ப் போலீசுக்கு. சுனௌலிக்கு அந்தப் பக்கம் அட்டையைத்தான் காட்ட வேண்டும். பையைத் திறந்து பாருங்கள் என்றேன். ஆர்.சி. தோட்டத்து பீரோவில் இருந்தது. ஜீப்பைத் திருப்பி இருபது வளைவும் மறுபடி ஏறினார்கள்.