உளவு, ஒற்று, வேய்: ‘இன்டெலிஜென்ஸ்’ தமிழில் என்ன?

போன தை மாதம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் எதிர்வரிசையில் இருந்த என் அண்ணன் மகளைக் காட்டி, “அம்மணி உளவியல் படிக்குதாமா? என்ற பேரன் யாருகிட்டயும் வாயே தொறக்க மாட்டேங்கறானுங். கொஞ்சம் பாத்துச் சொல்லச் சொல்லுங்” என்றார். அவள் படிப்பது கோவையில் பி.ஏ. அரசியல் அறிவியல். கடைசி ஆண்டில் ‘இன்டெலிஜென்ஸும் நேஷனல் செக்யூரிட்டியும்’ என்று ஒரு விருப்பப் பாடம் எடுத்திருக்கிறாள். யாரோ கேட்டதற்கு அதைத் தமிழில் சொல்ல ஆசைப்பட்டு, உளவு பற்றிய இயல் என்பதால் ‘உளவியல்’ என்று சொல்லிவிட்டாள்.

தப்பு அவள் மேல் இல்லை. உளவோடு இயல் சேர்ந்தால் புணர்ச்சி விதிப்படி உளவியல்தான் வரும். ஆனால் உளத்தோடு இயல் சேர்ந்து பிறந்த இன்னொரு உளவியல் அந்த இடத்தில் எப்போதோ துண்டு போட்டுவிட்டது. “அப்புறம் என்னன்னுதானுங் சித்தப்பா சொல்றது?” என்று கேட்டாள். அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல். லத்தீனில் ‘இடையே’ என்ற சொல்லும், ‘பொறுக்கியெடு, படி’ என்று பொருள்படும் வினையும் சேர்ந்து வந்தது அது. குவியலுக்குள் கை விட்டு வேண்டியதைப் பிரித்தெடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். மூளையின் கூர்மைக்கும் எதிரியைப் பற்றிய சேதிக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். போதாததற்கு, சேதியைத் திரட்டும் வேலைக்கும், அந்த வேலையைச் செய்யும் அலுவலகத்துக்கும் அதே பெயர். இந்தப் பாடத்தின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் ஷெர்மன் கென்ட் 1949-இல் இதைத்தான் அறிவு, அமைப்பு, செயல் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். நம் சிக்கலும் இங்கேதான். மூன்றுக்கும் சேர்த்துத் தமிழில் ஒரே சொல்லைத் தேடுகிறோம், கிடைக்கவில்லை என்று தமிழைக் குறை சொல்கிறோம்.

பத்திரிகைத் தமிழில் ஓடுவது ‘உளவு’. உள் என்பதிலிருந்து வந்தது. உள்ளே இருப்பது, மறைவானது. அமைப்பைச் சொல்ல ‘உளவுத்துறை’ நன்றாகவே பொருந்துகிறது. 1887-இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய ஐ.பி. (இன்டெலிஜென்ஸ் பீரோ) ஆகட்டும், 1968-இல் வெளிநாட்டு வேலைக்கென்று பிரித்து உண்டாக்கிய ‘ரா’ ஆகட்டும், டீக்கடையில் எல்லாமே உளவுத்துறைதான். (‘ரிசர்ச் அண்ட் அனாலிசிஸ் விங்’ என்ற ‘ரா’வின் முழுப்பெயரில் ஆய்வும் பகுப்பாய்வும் இருக்கின்றனவே தவிர இன்டெலிஜென்ஸ் என்ற சொல்லே கிடையாது.) ஆனால் அந்தச் சொல்லில் கொஞ்சம் களவு வாசம் உண்டு. ‘உளவு இல்லாமல் களவு இல்லை’ என்பது பழமொழி. பெண் உளவு படிக்கிறாள் என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். என் அண்ணனே, “வேற பாடம் இல்லையா கண்ணு?” என்றுதான் கேட்டார்.

தமிழ்நாட்டுக் காவல்துறை வேறு வழியில் போனது. அகராதியில் இன்டெலிஜென்ஸுக்கு நேரே இருந்த ‘நுண்ணறிவு’ என்பதை அப்படியே எடுத்து ‘நுண்ணறிவுப் பிரிவு’ என்று பலகை எழுதிவிட்டது. நுண்ணறிவு மனத்தின் தன்மை. உளவியலார் அளக்கும் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) அதுதான். இப்போது வீட்டுக்கு வீடு பேசும் செயற்கை நுண்ணறிவும் அதுதான். புத்திசாலிகள் பிரிவு என்று ஒரு துறைக்குப் பெயர் வைத்தால் மற்ற பிரிவுக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? போதைப்பொருள் தடுப்புக்கு முன்பு இருந்த பிரிவின் பெயர் இன்னும் நீளம்: ‘போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை’. நுண்ணறிவும் புலனாய்வும் ஒரே பலகையில்.

புலனாய்வு என்ற சொல்லில் ஒரு கடல் குறுக்கே கிடக்கிறது. இலங்கைத் தமிழில் இன்டெலிஜென்ஸ் என்றால் புலனாய்வுதான். அரச புலனாய்வுச் சேவை என்பது அங்கே உளவு அமைப்பு. நம் பக்கத்தில் புலனாய்வு என்றால் குற்றம் நடந்த பிறகு நடக்கும் விசாரணை. சி.பி.ஐ.யை மத்தியப் புலனாய்வுத் துறை என்கிறோம். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008-இல் சட்டம் போட்டு உண்டாக்கிய என்.ஐ.ஏ.வைத் தேசியப் புலனாய்வு முகமை என்கிறோம். நடந்ததைக் கிளறுவது ஒன்று, நடக்கப்போவதை மோப்பம் பிடிப்பது இன்னொன்று. கொழும்பு இணையத்தளத்தையும் சென்னைப் பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துக் குறிப்பெடுக்கும் மாணவி இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் பாடமே தலைகீழாகிவிடும்.

சரி, பழைய சொல்லுக்குப் போவோம். திருக்குறளில் ‘ஒற்றாடல்’ 59-வது அதிகாரம். ஒற்று என்றால் அழுத்தித் தொடுவது, ஒட்டியிருப்பது. பூசாரி கொடுக்கும் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சிந்திய மையைத் தாளால் ஒற்றி எடுக்கிறோம். ஒட்டி நின்று, தெரியாமல் உறிஞ்சிக்கொண்டு வருபவன் ஒற்றன் என்று எடுத்துக்கொண்டால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தில் என்னை நிறுத்தியது ஒற்றனின் வேடமும் துணிச்சலும் அல்ல. ‘ஒற்றினான் ஒற்றிப் பொருள்தெரியா மன்னவன்’ வெல்ல வழியில்லை என்கிறது ஒரு குறள். ஒற்றி வந்தால் போதாது, பொருள் தெரிய வேண்டும். இன்றைய வகுப்பில் பகுப்பாய்வு என்று தனி அலகாக நடத்துவது இதைத்தான். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனால் சரிபார் என்கிறது இன்னொரு குறள். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறது அடுத்தது.

இதை அண்ணன் மகளுக்கு விளக்க ஈரோட்டு மஞ்சள் மண்டிதான் கைகொடுத்தது. மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு, தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மழை, விரலி மஞ்சள் எல்லாம் நனைந்துவிட்டது என்று சேதி வருகிறது. சொன்னது சங்ககிரி லாரி டிரைவர். அடுத்த அரைமணி நேரத்தில் தரகர் ஒருவர் அதையே சொல்கிறார், பக்கத்து மண்டிக்காரரும் சொல்கிறார். மூவர் சொல் ஒத்துவிட்டது, விலை ஏறும் என்று இருப்பை இறுக்கிப் பிடிக்கலாம் அல்லவா? அவர் பிடிக்கவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “நீ கண்ணுல பாத்தயா, யாராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டார். மூன்று பேரும் படித்தது ஒரே வாட்ஸ்அப் குழுவின் ஒரே சேதி. அப்படியானால் மூவர் இல்லை, ஒருவர்தான். வள்ளுவர் ‘ஒற்று ஒற்று உணராமை’ என்று முன்நிபந்தனை வைத்தது இதற்குத்தான். அப்புறம் அவர் அங்கே இருக்கும் குளிர்பதனக் கிடங்குக்காரரிடம் விசாரித்து, போன மாத வரத்துக் கணக்கையும் பார்த்து, பாதி இருப்பை விற்பனைக்கு இறக்கினார். டிரைவர் கொண்டுவந்தது சேதி. நண்பர் கடைசியில் கையில் வைத்திருந்ததுதான் இன்டெலிஜென்ஸ்.

அந்தக் கடைசிப் பொருளுக்கும் தமிழில் பெயர் இருந்திருக்கிறது. தொல்காப்பியம் வெட்சித் துறைகளைச் சொல்லும்போது ‘ஒற்றின் ஆகிய வேயே’ என்கிறது. வெட்சி என்றால் பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்ந்து வருவது (காங்கேயம் மாட்டுக்காரர்களுக்கு இதன் வலி புரியும்). போவதற்கு முன்னால் மந்தை எங்கே நிற்கிறது, காவல் எவ்வளவு என்று அறிந்து வரும் செய்தி வேய். ஒற்று ஆள், வேய் அவன் வழியாகக் கிடைக்கும் அறிவு. எவ்வளவு சுத்தமான பிரிவு! ஆனால் இன்றைக்கு வேய் என்றால் மூங்கில், இல்லையென்றால் கூரை வேய்வது. ‘வேவு பார்த்தல்’ என்பதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒற்றையும் பாடப்பெயரில் வைக்க முடியாது. ‘ஒற்றியல்’ என்றால் வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

ஆகவே என் தேர்வு இது. அமைப்புக்கு உளவுத்துறை. செயலுக்கு ஒற்றாடல். ஆராய்ந்து சலித்துக் கையில் நிற்கும் அறிவுக்கு ‘உளவறிவு’. பழகிய உளவு கேட்பவருக்கு வழிகாட்டும், கூட இருக்கும் அறிவு களவு வாசத்தைக் குறைக்கும். பாடத்துக்குப் பெயர் ‘உளவறிவுக் கல்வி’. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போன பிறகு, ‘உளவுத்துறையின் தோல்வி’ என்ற சொற்றொடரைக் கோவைக்காரர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்தார்கள். தோற்றது எது? சேதி வரவில்லையா, வந்ததை எடைபோடவில்லையா, எடைபோட்டதை யாரும் காதில் வாங்கவில்லையா? ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக்கூடக் கேட்க முடியாது. ஐ.பி.க்கும் ராவுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது, அப்படியானால் கேள்வி கேட்பது யார் என்ற விவாதத்துக்கும் இந்தப் பிரிவு வேண்டும்.

செக்யூரிட்டி இன்னொரு தலைவலி. நம் ஊரில் செக்யூரிட்டி என்றால் மில் கேட்டில் விசில் வைத்திருப்பவர். பாதுகாப்பு என்றால் ராணுவ அமைச்சகமும் அதுதான், சாலையில் ஹெல்மெட் போடுவதும் அதுதான். குறள் நாட்டுக்கு அணியாகச் சொன்ன ஐந்தில் ஒன்றான ‘ஏமம்’ அழகான சொல். இன்று சொன்னால் ஏமாற்றம் என்று காதில் விழும். நேஷனல் என்பதற்கு ‘நாட்டு’ போடலாமே என்று எனக்கு ஆசை. ஆனால் நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை வரிசையில் நாட்டுப் பாதுகாப்பும் போய் நிற்கிறது. அதுவும் இருபத்து நான்கு நாடுகளாகப் பிரிந்து கிடந்த கொங்கில், “எந்த நாடுங், காங்கேய நாடா, பூந்துறை நாடா?” என்று கேட்க ஆள் இருக்கிறது. தேசியம் என்றே விட்டுவிட்டேன்.

போன வாரம் அவள் கட்டுரையை அட்டை போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். ‘உளவறிவும் தேசிய பாதுகாப்பும்’ என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. ‘தேசிய’வுக்கும் ‘பாதுகாப்பு’க்கும் நடுவே வர வேண்டிய ப் இல்லை. “ஏம்மணி, ஒற்று எங்க?” என்றேன். “மறைஞ்சிருக்குதுங் சித்தப்பா” என்றாள்.