மேப்பிள் மரத்தில் சாறு இறக்க எந்த டிரில் பிட்?

பெப்ரவரி மாதக் கடைசியில், இரவில் உறைகுளிரும் பகலில் பூச்சியத்துக்கு மேலான வெப்பநிலையுமாக மாறி மாறி வரத் தொடங்கியதும், கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் மேப்பிள் மரங்களில் இனிப்புச்சாறு ஓடத் தொடங்கும். வீட்டுப் பின்வளவில் நிற்கும் ஓரிரு மரங்களில் சாறு இறக்கிப் பார்க்க விரும்பும் தமிழ்க் குடும்பங்களும் இப்போது எங்களைப் போன்ற மரப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் ஆலோசனை கேட்கின்றன. எந்த வாளி வாங்குவது, சாற்றைப் பாகாக்க எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்று கேட்பவர்கள் பலர். எந்த பிட்டால் துளையிடுவது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கராஜில் கிடக்கும் ஏதாவதொன்றை மாட்டித் துளைத்துவிடுகிறார்கள். அந்தப் பருவம் முழுவதும் கிடைக்கப்போகும் சாறும், மரம் சுமக்கப்போகும் காயமும் பெருமளவுக்கு அந்தச் சிறு இரும்புத் துண்டைப் பொறுத்தவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மரத்தின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நம் தோலில் ஏற்படும் வெட்டு ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. சேதமான பகுதியை உள்ளேயே சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, அதன்மேல் புதிய மரத்தை வளர்த்து மூடிக்கொள்வதுதான் மரத்தின் வழி. அமெரிக்க மரநோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ இதை விரிவாக விளக்கியிருக்கிறார். முன்பு சாறு இறக்கிய மேப்பிள் ஒன்றை வெட்டி நெடுக்காகப் பிளந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: துளை விரல் தடிப்புத்தான் இருக்கும், ஆனால் அதற்கு மேலும் கீழும் பழுப்புக் கறை துளையின் அகலத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்கு ஓடியிருக்கும். அந்தக் கறைபடிந்த மரத்தின் வழியே இனி ஒருபோதும் சாறு ஓடாது. துளை எவ்வளவு பெரிதாகவும் பிசிராகவும் இருக்கிறதோ, மரம் அவ்வளவு அதிகமாக இழக்கும்.

ஆகவே அளவு முதலாவது. நீண்டகாலமாகப் புழக்கத்தில் இருந்தது 7/16 அங்குலத் துளை, அதாவது ஏறக்குறைய 11 மில்லிமீற்றர். இன்று பெரும்பாலான மேப்பிள் தோட்டங்கள் 5/16 அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 8 மில்லிமீற்றருக்கு மாறிவிட்டன. வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும், துளையின் குறுக்குப்பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. துளையும் விரைவாக மூடிக்கொள்கிறது. வீட்டில் இரண்டு மூன்று மரங்கள் மட்டும் உள்ளவருக்கு 5/16 அங்குலமே போதும் என்பது என் உறுதியான கருத்து. சாறு வாளிக்குள் வடியத் துளையில் செருகும் வடிகுழாயை முதலில் வாங்கி, அதற்குச் சொல்லப்பட்ட அளவிலேயே பிட்டை எடுங்கள். 5/16 குழாய்க்குக் கைக்கு அகப்பட்ட 3/8 பிட்டைப் பயன்படுத்தினால் குழாய் ஆடும், சாறு வாளிக்குள் விழாமல் பட்டை வழியே வழியும். அளவு குறைந்த துளைக்குள் குழாயைச் சுத்தியலால் அடித்து இறுக்கினால் மரம் வெடிக்கும், அதுவும் உறைந்திருக்கும் மரமென்றால் மிக எளிதில் வெடிக்கும். எனவே வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் ஏறிய பிறகே துளையிடுங்கள்.

அடுத்தது பிட்டின் வகை. தட்டையான அகப்பை பிட்டுகள் நாரைப் பிய்த்துச் சுவரைக் கரடுமுரடாக்கும். திருகுமுனை கொண்ட ஓகர் பிட் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்வதால் ஆழம் கைமீறிப் போகும். பலரிடம் இருப்பது உலோகத்துக்கான சாதாரண பிட். அதன் மழுங்கலான முனைக்கோணம் பட்டைமேல் வழுக்கும். ஈரமான பச்சைமரத்தின் சீவல் அதன் ஆழமற்ற பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும். பிறகு பிட் வெட்டுவதை விட்டு உரசத் தொடங்கும். மேப்பிள் உபகரணக் கடைகளில் கிடைக்கும் பிட்டுகளுக்கு முனை கூர்மையாகவும், திருகுப் பள்ளங்கள் ஆழமாகவும் இருக்கும். ஈரச் சீவலை உடனுக்குடன் வெளியே தள்ளிவிடும். விலை சற்று அதிகம்தான், ஆனால் ஒரு மரத்தின் பல ஆண்டு நலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல. அது கிடைக்காவிட்டால், நடுவில் ஊசிமுனை உள்ள புதிய மரவேலை பிட்டை வாங்குங்கள்.

கூர்மையைச் சோதிக்க, வெட்டும் விளிம்பை நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பாருங்கள். வழுக்காமல் பற்றினால் நல்லது. துளையிடும்போது சீவலையும் கவனியுங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில், ஈரமாக, சுருள் சுருளாக வந்தால் மரமும் பிட்டும் நன்றாக இருக்கின்றன. தூளாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது. பழுப்பாக வந்தால் பழைய காயத்துக்குள் போய்விட்டீர்கள். அங்கே சாறு எதிர்பார்க்க முடியாது. இதற்காகவே முந்தைய ஆண்டின் துளைக்கு நேர் மேலும் கீழும் துளைக்காமல், பக்கவாட்டில் விலகி இடம் தெரிவுசெய்ய வேண்டும்.

மார்பளவு உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டம் இல்லாத மரத்தைத் தொடாதீர்கள். அதற்குச் சற்று மேலான மரத்துக்கும் ஒரு துளையே போதும். பட்டையையும் சேர்த்து ஒன்றரை அங்குல ஆழம் தாராளம். பிட்டில் அந்த அளவில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டால் தவறாது. வெளிப்புறமாகச் சாறு வடியும்படி மிகச் சிறிது மேல்நோக்கிய சாய்வில், டிரில்லின் பற்றரியை முழுதாக ஏற்றிக்கொண்டு, கை ஆடாமல் ஒரே மூச்சில் உள்ளே செலுத்தி, பிட் சுழன்றுகொண்டிருக்கும்போதே வெளியே எடுங்கள். முன்னும் பின்னுமாக அசைத்தால் துளை முட்டைவடிவமாகிக் குழாய் சரியாகப் பொருந்தாது. உள்ளே தங்கிய தூளை வாயால் ஊதவும் வேண்டாம். வாயிலுள்ள கிருமிகள் துளைக்குள் போகும், கிருமி பெருகினால் சாற்றோட்டம் முன்கூட்டியே நின்றுவிடும்.

மேப்பிளுக்கென வாங்கிய பிட்டை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். உலோகத்தையும், இரசாயனம் ஏற்றிய வேலிப் பலகையையும் துளைத்த பிட்டில் எண்ணெயும் நச்சும் ஒட்டியிருக்கக்கூடும். ஏறக்குறைய 40 லீற்றர் சாறு காய்ந்து 1 லீற்றர் பாகாகச் சுருங்கும்போது, சாற்றில் கலந்தவற்றில் ஆவியாகாதவையும் சேர்ந்தே செறிவாகும். புதிய பிட்டிலும் தொழிற்சாலை எண்ணெய் பூசப்பட்டிருக்கும் என்பதால் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்திய பிறகே மரத்தில் வையுங்கள். பருவம் முடிந்ததும் அதேபோல் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முனை எதிலும் மோதாதபடி தனி உறையில் போட்டு வையுங்கள்.