சம்பை எந்த உயரத்தில் வெட்டுவது?

ஒரு டிசம்பரில், சிங்கப்பூரில் நாங்கள் பராமரித்துவந்த பள்ளி ஒன்றின் ஈரநிலத் தோட்டத்தில், குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி பழுப்புக் கதிர் விடும் நீர்ச்செடியான சம்பின் புதர் முழுவதையும் ஒட்ட வெட்டிவிட்டார். புல்வெளியில் பழகிய கை. பார்வைக்கு அத்தனை சுத்தமாக இருந்தது. மறுநாள் பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. குளத்தில் ஒரு சாண் நீர் ஏறியது. மூன்று வாரம் கழித்து அவர் அழைத்தார். "அண்ணே, ஒரு குருத்துகூட வரவில்லை. இழுத்தால் கிழங்கு கையோடு வந்துவிடுகிறது, நாறுகிறது."

அவரிடம் முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. சம்பு இலை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே தேனடைபோல அறை அறையாகக் காற்று இருக்கும். காற்றே புகாத சேற்றில் கிடக்கும் கிழங்குக்கு மூச்சு இந்த வழியாகத்தான் போகிறது. காய்ந்து பழுப்பேறிய இலைகூடக் குழாயாக வேலை செய்யும். வெட்டுவாய்கள் எல்லாம் நீருக்குள் மூழ்கிவிட்டால் கிழங்கு மூச்சுத் திணறி அழுகிவிடும். சம்பை ஒழிக்க நினைப்பவர்கள் கையாளும் முறையே இதுதான்!

ஆகவே கத்தியை எடுப்பதற்குமுன் குளக்கரைச் சுவரில் மழைநீர் விட்டுப்போன கறையைப் பாருங்கள். அந்தக் கறைக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். ஒரே நாளில் முழுப் புதரையும் வெட்ட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு போதும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் டிசம்பர், ஜனவரியில் இன்னும் கவனம் தேவை.

வேர்வரை இறங்கும் அந்தக் காற்றில் கொஞ்சம் சேற்றிலும் கசிகிறது. அதைக்கொண்டு நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. 1999இல் மூடப்பட்ட லோரோங் ஹாலுஸ் குப்பைமேட்டின் கசிவுநீர் சிராங்கூன் நீர்த்தேக்கத்தில் கலக்காதபடி, 2011இல் திறக்கப்பட்ட ஈரநிலத்தின் நாணற்படுகைகள் அதைச் சுத்திகரிக்கின்றன. இதைக் கேட்டுவிட்டு, சம்பை நட்டாலே குளம் தெளிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் செடி உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரசும் இலையிலும் சேர்ந்திருக்கின்றன. வெட்டிய இலையைக் குளத்திலேயே மிதக்கவிட்டால் அது அழுகி, அத்தனையும் நீருக்கே திரும்பும். பிறகு பாசி பிடிக்கும். வெட்டிய அன்றே அள்ளி உரக்குழியில் போடுங்கள். குளிர்நாட்டில் சம்பு பனிக்காலத்தில் அடங்கிக் கிடக்கும். இங்கே அதற்கு ஓய்வுக்காலமே இல்லை, ஆண்டு முழுவதும் இலை முதிர்ந்து சாயும். நமக்கும் ஆண்டு முழுவதும் வேலை உண்டு.

நடும்போது கூடுமானவரை அடியில் துளையில்லாத கனமான தொட்டியிலேயே நடுங்கள். கிழங்கின் கூர்முனை குளத்தின் அடிவிரிப்பைத் துளைத்துவிடும், அப்புறம் நீர் எங்கே ஒழுகுகிறது என்று தேடியே சலித்துப்போவீர்கள். களிமண் கலந்த கனத்த மண் வேண்டும். பையில் விற்கும் லேசான கலவை மிதந்துவிடும். மேலே கூழாங்கல் பரப்பி, மண்ணுக்கு மேல் பத்து சென்டிமீட்டர் நீர் நிற்கவிடுங்கள். நல்ல வெயில் அவசியம். தொட்டி நிறைந்ததும் கிழங்கைப் பிரித்து நடலாம்.

பழுப்புக் கதிர் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரே கதிரில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். பஞ்சாக வெடிப்பதற்குமுன் நறுக்கிவிடுங்கள். பிரித்தெடுத்த கிழங்கைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ ஒருபோதும் வீசாதீர்கள்.

டெங்கிப் பயத்தில் சம்பையே பிடுங்கச் சொல்லும் குடியிருப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சிறிய தேக்கங்களையே நாடும்: தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டு, கவிழ்க்காமல் விட்ட வாளி. முதலில் அவற்றைத் தேடுங்கள். குளத்தில் கப்பி மீன்கள் இருக்கட்டும். சாய்ந்த இலைகள் அடைத்துக்கொண்டால் மீன்களால் புதருக்குள் நுழைய முடியாது என்பதால் அடிப்பகுதியில் சாய்ந்து கிடப்பவற்றைக் களைந்துகொண்டே இருங்கள். மீன் போக முடியாத மூலைகளுக்கு, கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா அடங்கிய பிடிஐ (Bti) துகள்கள் போதும். பூச்சிமருந்து தெளித்தால் கொசுப்புழுவைத் தின்னும் தும்பிக் குஞ்சுகளும் சேர்ந்து சாகும்.

வெட்டும் நாளில் கடைசியாக ஒன்று. புதரின் நடுவில் கானாங்கோழி கூடு வைத்திருக்கலாம். இலைகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். முட்டை இருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, குஞ்சுகள் இறங்கிப் போனபின் வாருங்கள்.