கைக்குழந்தைக்கு இதய வால்வு மாற்றும் முன் மலைவாசிகள் கேட்க வேண்டியவை

"ஒரு தடவை வால்வு மாத்திட்டா அப்புறம் பிரச்சினை இல்லதானே டாக்டர்?" குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது இதுதான். அப்படி இல்லை. குழந்தை வளரும், பொருத்திய வால்வு வளராது. சில வருடங்களில் திரும்பவும் அறுவை சிகிச்சை வரும். அதனால்தான் நிபுணர்கள் முதலில் சொந்த வால்வையே காப்பாற்றப் பார்க்கிறார்கள். சுருங்கியிருந்தால் பலூன் விட்டு விரிப்பார்கள், கசிந்தால் தைத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் கசிவு மிஞ்சினாலும், அப்படிக் கிடைக்கிற ஒவ்வொரு வருடமும் லாபம்தான்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், மாடு, பன்றித் திசு வால்வுகளில் சின்னக் குழந்தைகளுக்குச் சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் பெருநாடியின் வால்வு கெட்டிருந்தால் ராஸ் அறுவை சிகிச்சை உண்டு. 1967இல் டொனால்ட் ராஸ் என்ற இதய அறுவை நிபுணர் தொடங்கியது. குழந்தையின் சொந்த நுரையீரல் தமனி வால்வை எடுத்துப் பெருநாடியில் வைப்பார்கள், அது கூடவே வளரும். ஆனால் எடுத்த இடத்தில் வைக்கும் தான வால்வைப் பிறகு மாற்ற வேண்டியிருக்கும். 2022இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், தானமாகக் கிடைத்த உயிருள்ள வால்வுகளைப் பச்சிளம் குழந்தைக்குப் பொருத்தினார்கள். அவை வளரவும் செய்தன. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

மெக்கானிக்கல் வால்வு, அதாவது திசு இல்லாத செயற்கை வால்வு, நாள்பட உழைக்கும். 15 மில்லிமீட்டர் வால்வுக்கு 2018இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, கோட்டுப் பொத்தான் அளவுதான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரையை விடாமல் கொடுக்க வேண்டும். டாக்டர் சொன்ன அளவு மாத்திரையை உடைத்துப் பொடித்து, கரண்டித் தண்ணீரில் கரைத்து, தினமும் ஒரே நேரத்தில். பிள்ளை துப்பிவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிற அம்மா, அதற்காக ஒவ்வொரு முறையும் மேட்டுப்பாளையம் இறங்க முடியுமா? மழையில் மண் சரிந்து சாலை அடைத்தால்? எந்த வால்வு என்று முடிவெடுக்கும்போதே இதை அறுவை நிபுணரிடம் சொல்லுங்கள். நம் ஊர்த் தூரம் அவருக்குத் தெரியாது.

கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை நிறுத்த வேண்டாம், அளவு மாறாமல் கொடுங்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதினாலும் ஐஎன்ஆர் மாறலாம். மெடிக்கலில் கேட்டு வலி மருந்து வாங்கிக் கொடுக்கவே கூடாது.

இன்னும் நோய் தெரியாத வீடுகளுக்கு ஒன்று. ஊட்டிக் குளிரிலும் பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, நாலு வாய் குடித்ததும் இளைத்து நிறுத்துகிற குழந்தையை உடனே காட்டுங்கள். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தால் தெரிந்துவிடும். செலவை நினைத்துத் தயங்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகளும் உண்டு.