அடிப்பூச்சு முதலில் காய்வது ஏன்?

தைல வண்ணம் பழகும் வாசகர் ஒருவர், பதினாறாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் டிஷியன் வரைந்த ஆதாம் ஏவாள் ஓவியத்தைப் பார்த்து வரைகிறாராம். அம்பர் பழுப்பில் தீட்டிய அடிப்பூச்சு சீக்கிரமே காய்ந்துவிட்டது, நிழலுக்குப் பூசிய எலும்புக்கறுப்போ (எலும்பைக் கரியாக்கிச் செய்யும் கறுப்பு நிறமி) ஒரு வாரமாகியும் விரலில் ஒட்டுகிறது, ஏன் என்று கேட்கிறார்.

அருமையான தேர்வு. ஊரறிந்த ஓவியரான பிறகும் பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் 1628-29இல் மாட்ரிட்டில் இதே ஓவியத்தைப் பார்த்து வரைந்தார். இரண்டும் இன்று அதே நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நீர்வண்ணம் நீர் ஆவியாகிக் காய்கிறது. தைல வண்ணத்தில் அதை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் கலந்திருந்தால் அது மட்டும்தான் ஆவியாகும். எண்ணெய் எங்கும் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. காயத் தொடங்கும் படலத்தைத் தராசில் வைத்தால் எடை கூடியிருக்கும்! எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தைல வண்ணத்தில் பெரும்பாலும் சேரும் ஆளி விதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம். அதன் கார்பன் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கார்பனிலிருந்து ஹைட்ரஜன் சுலபமாகக் கழன்றுவிடும். அங்கே ஆக்சிஜன் வந்து சேர, பெராக்சைடு உருவாகிறது. அது நிலையற்றது. உடைந்து, இணை இல்லாத எலக்ட்ரானுடன் அலையும் துண்டுகளாகிறது. அவை அடுத்த மூலக்கூறைப் பற்ற, அது அதற்கடுத்ததைப் பற்ற, திரவமாக இருந்தது மீன்வலைபோல் பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. இனி எந்த டர்பன்டைனாலும் அதை மறுபடி எண்ணெயாக்க முடியாது.

அம்பர் என்பது இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசு ஆக்சைடும் கலந்த மண். பெராக்சைடை உடைக்க மாங்கனீசு நல்ல வினையூக்கி. எலும்புக்கறுப்பில் அப்படியொரு உலோகம் இல்லை. போதாததற்கு அது எண்ணெயையும் நிறைய குடிக்கும்.

மெதுவாகக் காயும் அடுக்கின்மேல் விரைவாகக் காயும் அடுக்கைப் பூசினால், அடியிலுள்ளது அசைய அசைய மேலுள்ளது வெடிக்கும். அதனால்தான் அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போக அதிகமாகச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

'பழைய மேதைகளின் ரகசியக் கலவை' என்று விற்கும் குப்பிகளை வாங்காதீர்கள். அருங்காட்சியக ஆய்வகங்கள் பொட்டளவு வண்ணத்தைப் பகுத்துப் பார்த்தபோது பெரும்பாலும் கிடைத்தவை ஆளி விதை எண்ணெயும் அக்ரூட் எண்ணெயும்தான். இந்த மூடநம்பிக்கையைப் போக்கிய அந்த ஆய்வகங்களுக்கு அரசுகள் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை: இந்த வினை வெப்பத்தையும் வெளிவிடும். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் அவை தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.